நாற்சந்தியின் காற்றும் நமது ரத்தமும்

(ஆலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கலந்துகொண்ட கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் வாசகம்)

தோழர்களே!

இரண்டு ரோடுகள் சந்திக்கிற ஒரு நாற்சந்தியை அகலப்படுத்தப் போகிறார்கள், அல்லது அங்கே மேம்பாலம் கட்டப் போகிறார்கள் என்று செய்தி வந்தால் நாம் என்ன கேட்கிறோம்? எந்த வீடு இடிபடும், எந்தக் கடை போகும், நஷ்டஈடு எவ்வளவு, பஸ் இனி எங்கே நிற்கும் என்று கேட்கிறோம். இவை எல்லாம் நியாயமான கேள்விகளே. ஆனால் இன்னொரு கேள்வியும் உண்டு. வேலை முடிந்த பிறகு அந்த இடத்தின் காற்று எப்படி இருக்கும்? இதை நாம் கேட்பதில்லை.

வராத காலத்தின் காற்றை இன்றே எப்படிச் சொல்வது, இது என்ன ஜோசியமா என்று சிலர் நினைக்கலாம். ஜோசியம் அல்ல, தோழர்களே. இதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்காவில் ஐம்பது ஆண்டுகளாக இந்தக் கணக்கைப் போட்டு வருகிறார்கள். அந்தக் கணக்கின் நல்லதையும் கெட்டதையும் நாம் தெரிந்துகொள்வது அவசியம். ஏனென்றால் ரோட்டின் ஓரத்தில் அதிக நேரம் நிற்பவர்கள் நாம்தான். காரில் போகிறவன் சிக்னலில் ஒரு நிமிஷம் நிற்கிறான்; போய்விடுகிறான். ஷிப்டு முடிந்து பஸ்ஸுக்குக் காத்திருப்பவனும், கூடையில் கீரை கொண்டுவந்து விற்பவளும், லாரியில் மூட்டை ஏற்றுபவனும் அங்கேயே நிற்கிறார்கள்.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே விஷயம். கணக்கு சரியாக இருக்கலாம். ஆனால் யாரை அதில் சேர்ப்பது, யாரை விடுவது என்பதை மனிதர்களே தீர்மானிக்கிறார்கள். அந்த இடத்தில்தான் நம்முடைய கவனம் இருக்க வேண்டும்.

வாசனை இல்லாத விஷம்

முதலில் அந்த வாயுவைப் பற்றிச் சொல்கிறேன். பெட்ரோலோ, விறகோ, நிலக்கரியோ முழுவதும் எரிந்தால் கரியமில வாயு உண்டாகிறது. போதிய காற்று கிடைக்காமல் அரைகுறையாக எரிந்தால் கார்பன் மோனாக்ஸைடு உண்டாகிறது. இதற்கு நிறம் இல்லை, வாசனை இல்லை, கண்ணைக் கரிக்காது, இருமல் வராது. புகையைக் கண்டால் விலகி நிற்கலாம். இதைக் கண்டு விலக வழியில்லை.

நம் ரத்தத்தில் ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருள் இருக்கிறது. நுரையீரலில் பிராணவாயுவை ஏற்றிக்கொண்டு உடம்பெங்கும் இறக்கிவிட்டு வருவது அதன் வேலை. கார்பன் மோனாக்ஸைடு அந்தப் பொருளோடு பிராணவாயுவைவிடச் சுமார் 200 முதல் 250 மடங்கு உறுதியாகப் பற்றிக்கொள்கிறது. ஏறிய வண்டியை விட்டு இறங்காமல் உட்கார்ந்துகொள்கிறது. அப்புறம் பிராணவாயுவுக்கு இடம் ஏது? முதலில் தலைவலி, பிறகு மயக்கம், அளவு மிஞ்சினால் மரணம். சுத்தமான காற்றில் வந்து நின்றாலும், ரத்தத்தில் ஏறியதில் பாதி வெளியேறுவதற்கே நான்கு, ஐந்து மணி நேரம் ஆகிறது.

ரோட்டோரத்தில் யாரும் உடனே சாவதில்லை. அங்கே நடப்பது வேறு. இருதய நோய் உள்ளவர்களுக்கு, ரத்தத்தின் ஹீமோகுளோபினில் 100-க்கு 2 பங்கு அளவு இந்த வாயு பிடித்துக்கொண்டாலே, உழைக்கும்போது மார்வலி சீக்கிரம் வந்துவிடுகிறது. 1989-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பரிசோதனை இதைக் காட்டிற்று. உட்கார்ந்திருப்பவனைவிடச் சுமை தூக்குபவன் வேகமாக மூச்சு வாங்குகிறான். அதே காற்றிலிருந்து அவன் ரத்தத்தில் விஷமும் வேகமாக ஏறுகிறது. இதை மறந்துவிடக் கூடாது.

சுரங்கத் தொழிலாளர் கொடுத்த விலை

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. 1896-ல் பிரிட்டனில் தெற்கு வேல்ஸில் உள்ள டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் வெடிவிபத்து நடந்து 57 பேர் மாண்டார்கள். ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற விஞ்ஞானி சுரங்க வெடிவிபத்துகளில் மாண்டவர்களைப் பற்றி ஆராய்ந்து சர்க்காருக்கு அறிக்கை கொடுத்தார். வெடியிலும் நெருப்பிலும் செத்தவர்களைவிட, வெடிக்குப் பிறகு பரவிய இந்த வாயுவால் செத்தவர்களே அதிகம் என்று அவர் காட்டினார். அதற்கு முந்திய ஆண்டில் அந்த வாயுவைத் தாமே சுவாசித்து, தம் ரத்தத்தில் அது எவ்வளவு ஏறுகிறது என்று அளந்து பார்த்தவர் அவர்.

சிறு பிராணிகளுக்கு இந்த விஷம் சீக்கிரம் ஏறும். ஆகவே சுரங்கத்துக்குள் எலியையோ சிறு பறவையையோ கொண்டுபோங்கள் என்றார் அவர். அதிலிருந்துதான் சுரங்கத்தில் கானரிக் குருவியைக் கூண்டில் கொண்டுபோகும் வழக்கம் வந்தது. குருவி சாய்ந்தால் ஆட்கள் வெளியே ஓட வேண்டும். பிரிட்டிஷ் சுரங்கங்களில் 1986 வரையில் குருவி இருந்தது. இந்த ஹால்டேனின் மகன்தான் ஜே.பி.எஸ். ஹால்டேன், தந்தையோடு சிறு வயதிலேயே சுரங்கத்தில் இறங்கியவர், தொழிலாளர் பத்திரிகையில் விஞ்ஞானக் கட்டுரைகள் எழுதியவர், 1957-ல் இந்தியாவுக்கு வந்து, 1964-ல் புவனேசுவரத்தில் காலமானவர்.

சுரங்கத்தில் குருவிக்குக் கூண்டு இருந்தது. நாற்சந்தியில் கூண்டும் இல்லை, குருவியும் இல்லை. அங்கே கணக்குதான் குருவி. அது சரியான இடத்தில் தொங்குகிறதா என்று பார்ப்பது நம் பொறுப்பு.

சட்டம் வந்த கதை

அமெரிக்க நகரங்களில் மோட்டார் வண்டி பெருகப் பெருக, காற்று கெட்டது. ஜனங்கள் கிளர்ச்சி செய்தார்கள். 1970-ம் ஆண்டு ஜனவரி முதல் தேதி ஒரு சட்டம் கையெழுத்தாயிற்று. மத்திய சர்க்கார் பெரிய வேலை எதையும் செய்வதற்கு முன் சுற்றுச்சூழலுக்கு என்ன ஆகும் என்று எழுதிக் காட்ட வேண்டும் என்றது அந்தச் சட்டம். அதே ஆண்டு இறுதியில் காற்றுச் சட்டமும் கடுமையாக்கப்பட்டது. 1971-ல் கார்பன் மோனாக்ஸைடுக்கு வரம்பு கட்டினார்கள். எட்டு மணி நேரச் சராசரி பத்து லட்சத்தில் 9 பங்கு. ஒரு மணி நேரச் சராசரி பத்து லட்சத்தில் 35 பங்கு. அதாவது பத்து லட்சம் படி காற்றில் 9 படிக்கு மேல் இந்த வாயு எட்டு மணி நேரம் இருக்கக் கூடாது. கலிபோர்னியா மாகாணம் ஒரு மணி நேர வரம்பை 20 பங்கு என்று இன்னும் இறுக்கமாக வைத்துக்கொண்டது.

புதிய கார்கள் கக்கும் இந்த வாயுவை 1975-க்குள் பத்தில் ஒன்பது பங்கு குறைக்க வேண்டும் என்றும் சட்டம் சொல்லிற்று. மோட்டார் கம்பெனிகள் முடியாது என்றன, கோர்ட்டுக்குப் போயின, 1973-ல் ஓராண்டு தவணையும் வாங்கின. ஆனால் தவணைக் காலத்துக்கு வைத்த இடைக்கால வரம்பே அவர்களை வழிக்குக் கொண்டுவந்தது. 1975-ம் ஆண்டு மாடல்களிலிருந்து, புகைக் குழாயில் விஷ வாயுவைக் கரியமில வாயுவாக மாற்றும் வினையூக்கிப் பெட்டி பொருத்தப்பட்டது. முடியாது என்றது முடிந்தது. அமெரிக்க நகரக் காற்றில் இந்த வாயு 1980-ல் இருந்ததைவிட முக்கால் பங்குக்கும் மேல் குறைந்துவிட்டது. முதலாளிகளின் நல்ல மனத்தால் வந்ததல்ல இது. சட்டம் கட்டாயப்படுத்தியதால் வந்தது.

கணக்குப் போடும் விதம்

இனி நாற்சந்திக் கணக்குக்கு வருவோம். இந்த வாயு நகரம் முழுவதும் ஒரே சீராகப் பரவுவதில்லை. வண்டிகள் வரிசை கட்டி நிற்கிற இடத்தில் குவிகிறது. சில நூறு அடி தள்ளிப் போனால் குறைந்துவிடுகிறது. ஆகவே நகரத்தின் சராசரி நன்றாக இருந்தாலும் ஒரு சந்தியில் வரம்பு மீறலாம். அப்படிப்பட்ட இடத்தை அவர்கள் 'சூடான இடம்' என்கிறார்கள்.

முதலில் சலித்து எடுக்கிறார்கள். ஒவ்வொரு சிக்னல் சந்திக்கும் 'ஏ' முதல் 'எஃப்' வரை தரம் உண்டு. ஒரு வண்டி சராசரியாகப் பத்து விநாடிக்குள் தாண்டினால் 'ஏ'. எண்பது விநாடிக்கு மேல் காத்துக் கிடந்தால் 'எஃப்'. 1992-ல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் இலாகா வெளியிட்ட வழிகாட்டி, 'டி', 'ஈ', 'எஃப்' தரத்தில் உள்ள சந்திகளையும், திட்டத்தால் அந்த நிலைக்கு இறங்கப் போகிற சந்திகளையும் கணக்கில் எடு என்கிறது. சந்திகள் ஏராளமாக இருந்தால், வண்டி அதிகமாக ஓடும் 20 சந்திகளைப் பட்டியல் போடு. அதில் நெரிசல் மோசமான 3, வண்டி எண்ணிக்கை அதிகமான 3 ஆகியவற்றைக் கணக்கிடு என்கிறது.

அப்புறம் கணக்கு. கலிபோர்னியா போக்குவரத்து இலாகா 'காலைன்' என்ற முறையை உருவாக்கிற்று. 1984-ல் அதன் நான்காவது பதிப்பு வந்தது. அந்த வழியிலேயே, சிவப்பு விளக்கில் வண்டிகள் நிற்கும் வரிசையையும் சேர்த்துக் கணக்கிடும் முறையை மத்திய இலாகா எடுத்துக்கொண்டது. இவற்றில் போடும் சரக்கு என்ன? எத்தனை வண்டி வருகிறது. எத்தனை விநாடி நிற்கிறது. நிற்கும்போதும் ஓடும்போதும் ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு கக்குகிறது. காற்று எந்தப் பக்கம், எந்த வேகத்தில் அடிக்கிறது. இவ்வளவுதான்.

இதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. காற்று விஷயத்தில் மோசமான நிலையையே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். காற்றின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். அதாவது மனிதன் நடக்கிற வேகத்தைவிடக் குறைவு. திசையைப் பத்துப் பத்து டிகிரியாகச் சுற்றிலும் திருப்பிப் பார்த்து, எந்தத் திசையில் விஷம் அதிகம் வருகிறதோ அதையே எடுக்க வேண்டும். நல்ல காற்று அடிக்கிற நாளைக் காட்டி ஏமாற்ற முடியாது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். ஒரு சந்தியில் வண்டிகளால் மட்டும் ஒரு மணி நேரச் சராசரி 6 பங்கு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நெரிசல் எட்டு மணி நேரமும் ஒரே மாதிரி இருக்காது என்பதால், அதை 0.7 ஆல் பெருக்குகிறார்கள். 4.2 ஆகிறது. அந்த ஊரின் காற்றில் ஏற்கெனவே உள்ளதை இதோடு கூட்ட வேண்டும். ஏற்கெனவே 4 பங்கு இருந்தால் மொத்தம் 8.2. வரம்பு 9, திட்டம் தேறிவிட்டது. ஏற்கெனவே 5 பங்கு இருந்தால் மொத்தம் 9.2. திட்டம் தேறவில்லை. பார்த்தீர்களா? வண்டி மாறவில்லை, ரோடு மாறவில்லை. ஒரே ஒரு எண் மாறியது, தீர்ப்பு மாறிவிட்டது. அந்த 4 எங்கே அளந்தது? பூங்காவிலா, பஸ் நிலையத்திலா? கோடையிலா, பனிக்காலத்திலா? இதைக் கேட்காதவன் கணக்கு முழுவதையும் படித்தும் பிரயோஜனம் இல்லை.

கணக்கில் வராத மனிதர்கள்

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். காற்றைக் கணக்கிட ஒரு புள்ளி வேண்டும். அங்கே ஒரு மனிதன் நின்று மூச்சு விடுவதாகப் பாவித்துக்கொள்கிறார்கள். வண்டி ஓடும் பாதையின் ஓரத்திலிருந்து 3 மீட்டருக்குக் குறையாத தூரம், தரையிலிருந்து 1.8 மீட்டர் உயரம். நடைபாதை, வீட்டு வாசல், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி போன்ற, ஜனங்கள் நடமாடும் இடங்களில் இந்தப் புள்ளியை வைக்கலாம்.

எங்கே வைக்க வேண்டியதில்லை என்றும் அதே வழிகாட்டி சொல்லியிருக்கிறது. சந்தியின் நடுவில் வேண்டாம். ரோட்டின் நடுத்திட்டில் வேண்டாம். ரோட்டைக் கடக்கும் கோடுகளில் வேண்டாம். சுரங்கப் பாதையின் வாயிலில் வேண்டாம். சுங்கச் சாவடியின் கூண்டுக்குள் வேண்டாம். பொதுஜனம் அங்கே மணிக்கணக்கில் நிற்பதில்லை என்பது காரணம். நடந்து போகிறவரைப் பொறுத்தவரை காரணம் சரிதான். ஆனால் சந்தியின் நடுவில் நின்று கை காட்டுகிற போலீஸ்காரர்? கூண்டுக்குள் எட்டு மணி நேரம் பணம் வாங்குகிற ஊழியர்? நடுத்திட்டில் செடி வெட்டுகிற, குப்பை அள்ளுகிற தொழிலாளி? அவர்கள் பொதுஜனம் இல்லையா?

அவர்களுக்கு வேறு சட்டம் இருக்கிறது என்பது பதில். அந்தச் சட்டத்தின் வரம்பு என்ன தெரியுமா? அமெரிக்கத் தொழிலிடப் பாதுகாப்புச் சட்டத்தில் எட்டு மணி நேரச் சராசரி பத்து லட்சத்தில் 50 பங்கு. கூண்டுக்கு வெளியே நிற்பவனுக்கு 9; உள்ளே உட்கார்ந்திருப்பவனுக்கு 50. வேலைக்கு வருகிறவர்கள் திடகாத்திரமான ஆட்கள், வெளியே நோயாளியும் குழந்தையும் கர்ப்பிணியும் இருக்கிறார்கள் என்று நியாயம் சொல்கிறார்கள். தொழிலாளிக்கு இருதய நோய் வராது என்று யார் சொன்னது?

இது வெறும் வாதம் அல்ல. நியூயார்க் நகரத்தில் பாலங்களிலும், நதிக்கு அடியில் செல்லும் சுரங்கப் பாதைகளிலும் 1952-க்கும் 1981-க்கும் இடையே வேலை செய்த 5,529 ஊழியர்களைப் பற்றிய ஆராய்ச்சி 1988-ல் வெளியாயிற்று. சுரங்கப் பாதையில் வேலை செய்தவர்களில், நகர ஜனத்தொகையை வைத்துப் பார்த்தால் இருதய நோயால் 45 பேர் இறந்திருக்கலாம். இறந்தவர்கள் 61 பேர். திறந்த வெளியில் பாலத்தில் வேலை செய்தவர்களைவிட அவர்களுக்கு அபாயம் அதிகமாக இருந்தது. அந்த வேலையை விட்டு வெளியேறிய ஐந்து ஆண்டுகளுக்குள் அந்த அதிக அபாயத்தின் பெரும்பகுதி நீங்கிவிட்டது. காற்று நல்லதானால் உடம்பும் தேறுகிறது என்றல்லவா இது காட்டுகிறது?

இன்னொன்று. 1.8 மீட்டர் என்பது உயரமான ஓர் ஆண் பிள்ளையின் தலை மட்டம். தரையில் சாக்கு விரித்துக் கத்தரிக்காய் விற்கிற பெண்ணின் மூக்கு அந்த உயரத்தில் இல்லை. அவள் கூட வரும் குழந்தையின் மூக்கும் அங்கே இல்லை. வண்டியின் புகைக் குழாய்க்கு அருகில்தான் இருக்கிறது.

லின்வுட் சொல்லும் பாடம்

லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக்குத் தெற்கே லின்வுட் என்று ஓர் ஊர் இருக்கிறது. உழைப்பாளிகள் ஊர், லத்தீன் அமெரிக்க வம்சத்தினரும் நீக்ரோ மக்களின் வழிவந்த கறுப்பர்களும் பெரும்பான்மையோர். 1990-களில் அந்தப் பிரதேசத்திலேயே மிக அதிகமான கார்பன் மோனாக்ஸைடு பதிவானது லின்வுட் அளவு நிலையத்தில்தான். பனிக்கால இரவில் காற்று அசையாமல் தரையோடு தங்கிவிடும். வண்டிகள் கக்கியது மேலே போகாது.

அந்த ஊரை ஊடுருவிப் போகும் செஞ்சுரி நெடுஞ்சாலையின் கதையையும் கேளுங்கள். வீடுகள் பறிபோக இருந்த ஜனங்கள் 1972-ல் வழக்குப் போட்டார்கள். சுற்றுச்சூழல் அறிக்கை எழுதாமல் வேலை நடக்கக் கூடாது என்று கோர்ட் தடை விதித்தது. 1979-ல் உடன்பாடு ஏற்பட்டது. வண்டித் தடங்கள் குறைக்கப்பட்டன. இழந்த வீடுகளுக்குப் பதில் வீடு கட்டித்தர ஏற்பாடாயிற்று. ரோட்டின் நடுவே பொதுப் போக்குவரத்துக்கு இடம் விடப்பட்டது. 1993-ல் ரோடு திறந்தது. 1995-ல் அதன் நடுவே ரயில் ஓடத் தொடங்கிற்று. ஓர் அறிக்கையைக் கேட்டதால் கிடைத்தது இது.

2003-ல் அந்தப் பிரதேசத்தின் காற்று நிர்வாகம் நான்கு பெரிய சந்திகளைக் கணக்கிட்டது. லின்வுட் சந்தியும் அதில் ஒன்று. நாளொன்றுக்குச் சுமார் 1,00,000 வண்டிகள் ஓடும் வில்ஷயர், வெட்டரன் ரோடுகள் கூடும் சந்தியில் ஒரு மணி நேர அளவு 4.6 பங்கு என்று வந்தது. வரம்பு 20. 2007-ல் லாஸ் ஏஞ்சல்ஸ் பிரதேசம் வரம்புக்குள் வந்துவிட்டது என்று அதிகாரபூர்வமாக அறிவிக்கப்பட்டது. நல்ல செய்திதான், சந்தோஷப்பட வேண்டியதுதான்.

ஆனால் அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். புதிய கட்டிடம், புதிய ரோடு என்று அங்கே வருகிற அறிக்கைகளில் ஒரே பாட்டுத் திரும்பத் திரும்ப வருகிறது. 'எங்கள் சந்தியில் 1,00,000 வண்டி வரப்போவதில்லை. ஆகவே அபாயம் இல்லை.' புதுக் கணக்கு இல்லை. பழைய கணக்கைக் காட்டி முடித்துவிடுகிறார்கள். வினையூக்கிப் பெட்டி பொருத்திய கார்கள் ஓடுகிற கலிபோர்னியாவில், இந்த ஒரு வாயுவைப் பொறுத்தவரை, அதைத் தவறு என்று சொல்ல முடியாது. ஆனால் அந்த 1,00,000 என்ற எண்ணைக் கப்பலேற்றி வேறு நாட்டுக்குக் கொண்டுவந்தால் அது செல்லாது. வண்டி வேறு, ரோடு வேறு, காற்று வேறு.

கணக்கின் ஓட்டைகள்

மேலும் சில ஓட்டைகள் உண்டு. சுருக்கமாகச் சொல்கிறேன்.

முதலாவது, ரோட்டை அகலப்படுத்தினால் நெரிசல் குறையும், ஆகவே விஷமும் குறையும் என்று அறிக்கை சொல்லும். திறந்த புதிதில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் இடம் கிடைத்தால் வண்டி பெருகுகிறது. பிரிட்டிஷ் சர்க்கார் நியமித்த நிபுணர் குழுவே 1994-ல் இதை ஒப்புக்கொண்டது. ஆகவே திறப்பு விழா ஆண்டை மட்டும் கணக்கிட்டால் போதாது. இருபது ஆண்டு கழித்து என்ன என்றும் கணக்கிட வேண்டும்.

இரண்டாவது, 'ஏ' முதல் 'எஃப்' வரையுள்ள தரம் எதை அளக்கிறது? காரில் இருப்பவனின் காத்திருப்பை அளக்கிறது. ஓரத்தில் நிற்பவனின் மூச்சை அளக்கவில்லை. கலிபோர்னியாவே 2013-ல் சட்டம் செய்து, 2020 ஜூலை முதல், வாகனத் தாமதத்தைச் சுற்றுச்சூழல் பாதிப்பின் அளவுகோலாகக் கொள்வதை நிறுத்திவிட்டது. அதற்குப் பதிலாக, திட்டத்தால் வண்டிகள் மொத்தம் எத்தனை மைல் அதிகம் ஓடும் என்று பார்க்கிறார்கள்.

மூன்றாவது, 'காலைன்' போன்ற முறைகள் திறந்த வெளிக்கு ஏற்றவை. இருபுறமும் நெருக்கமாக மாடிக் கட்டிடங்கள் நிற்கிற தெருவில் காற்று கிணற்றுக்குள் சுற்றுவதுபோல் சுற்றும். அங்கே இந்தக் கணக்கு விஷத்தைக் குறைத்துக் காட்டக்கூடும்.

நான்காவது, இதுதான் பெரிது. டீசல் வண்டி கார்பன் மோனாக்ஸைடைக் குறைவாகவே கக்குகிறது. ஆனால் நுரையீரலின் அடிவரை போகிற நுண்ணிய கரித்தூளைக் கக்குகிறது. லாரியும் பஸ்ஸும் நிறைந்த ஒரு சந்தியில் இந்த ஒரு வாயுவை மட்டும் கணக்கிட்டு, காற்று சுத்தம் என்று சீட்டுக் கொடுத்தால், அது பாம்பு இல்லை என்று சொல்லித் தேளின் மேல் உட்காரச் சொல்வதாகும். அமெரிக்காவிலும் டீசல் வண்டி அதிகமுள்ள திட்டங்களில் நுண்தூளையும் கணக்கிட வேண்டும் என்ற விதி 2006-ல் வந்தது.

நாம் என்ன கேட்க வேண்டும்?

நம் நாட்டிலும் வரம்பு இருக்கிறது. 2009-ல் வெளியான தேசியக் காற்றுத் தர அறிவிப்பின்படி, கார்பன் மோனாக்ஸைடு எட்டு மணி நேரச் சராசரி ஒரு கன மீட்டரில் 2 மில்லிகிராம். ஒரு மணி நேரம் 4 மில்லிகிராம். அமெரிக்காவின் 9 பங்கு என்பது ஏறக்குறைய 10 மில்லிகிராம். ஆகவே, காகிதத்தில் நம்முடைய வரம்பு அவர்களுடையதைவிட ஐந்து மடங்கு இறுக்கமானது! அந்த எண் யாருக்காக எழுதப்பட்டது? நமக்காகத்தான். நாம் கேட்காவிட்டால் அது காகிதத்திலேயே தூங்கும்.

ஆகவே உங்கள் ஊரில் சந்தி வேலை என்று வந்தால், சங்கத்தின் பெயரால் இந்தக் கேள்விகளை எழுத்தில் கேளுங்கள்:

1. காற்றுக் கணக்குப் போட்டீர்களா? போட்டிருந்தால் அறிக்கையைக் காட்டுங்கள்.

2. ஊர்க் காற்றில் ஏற்கெனவே உள்ள அளவை எங்கே, எந்த மாதத்தில் அளந்தீர்கள்?

3. வண்டியை எந்த நேரத்தில் எண்ணினீர்கள்? ஷிப்டு மாறும் நேரமும் சந்தை நாளும் அதில் உண்டா?

4. கணக்குப் புள்ளிகளை எங்கே வைத்தீர்கள்? பஸ் நிற்குமிடம், தள்ளுவண்டிக் கடை, பள்ளி வாசல், போலீஸ்காரர் நிற்கும் மேடை இவற்றில் வைத்தீர்களா?

5. திறக்கும் ஆண்டு, இருபது ஆண்டுக்குப் பின், வேலையே செய்யாவிட்டால் என்று மூன்று கணக்கும் இருக்கிறதா?

6. வேலை நடக்கும் மாதங்களில் வண்டிகள் சுற்றிப் போகும் தெருக்களின் காற்று என்ன ஆகும்?

7. நுண்தூளையும் கணக்கிட்டீர்களா?

பதில் கொடுக்க மறுத்தால் 2005-ம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கட்டணத்தோடு மனுப் போட்டால் 30 நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் தடித்த புத்தகம் வந்தால் பயப்படாதீர்கள். இந்த ஏழு கேள்விக்கும் விடை எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று படித்த பிள்ளைகளைத் தேடச் சொல்லுங்கள். விடை இல்லாவிட்டால் அதுவே நமக்கு ஆயுதம்.

நிவாரணங்களும் பெரிய வித்தை அல்ல. பஸ் நிற்குமிடத்தைச் சிக்னல் வரிசையிலிருந்து தள்ளி வைக்கலாம். விளக்கின் நேரத்தைத் திருத்தி வரிசையைக் குறைக்கலாம். தள்ளுவண்டிக்காரரை விரட்டாமல், காற்றோட்டமுள்ள இடத்தில் அவருக்கு இடம் ஒதுக்கலாம். சந்தியில் நிற்கும் ஊழியரை இரண்டு மணிக்கு ஒரு முறை மாற்றலாம். எல்லாவற்றுக்கும் மேலாக, பஸ்களை அதிகப்படுத்தினால் அத்தனை தனி வண்டிகள் குறையும்.

தோழர்களே! மேம்பாலம் வேண்டாம், ரோடு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ரோடு நமக்கும் வேண்டும். நெல்லும் பஞ்சும் அதில்தான் போகின்றன. ரோட்டின் கணக்கில் கல்லும் ஜல்லியும் சிமெண்டும் எழுதுகிறார்கள். அங்கே நின்று மூச்சு விடுகிறவர்களையும் சேர்த்து எழுதுங்கள் என்கிறோம். டைலர்ஸ்டவுன் சுரங்கத்தில் அந்த 57 பேரும் மாண்ட பிறகுதான் கணக்கு எழுதப்பட்டது. இன்று வேலைக்கு முன்பே எழுதுவதற்கு அறிவு இருக்கிறது, கருவி இருக்கிறது. கேட்பதற்கு ஆள் வேண்டும். அந்த ஆட்களாக நாம் இருப்போம்!